சுக்குவுக்காகப் போட்ட புல்

வெண்ணிலா கார்டன்ஸில் பிளாஸ்டிக் புல் வளர ஆரம்பித்தது ஒரு திங்கட்கிழமை காலையில். அன்றைக்குத் தண்ணீர் லாரியும் வராமல் போனதால் பேசுவதற்கு இரண்டு விஷயம் கிடைத்தது, தண்ணீர் லாரியைப் பற்றித்தான் முதலில் பேசினார்கள்.

கோயம்புத்தூருக்கு மேற்கே, மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பதினெட்டு வில்லாக்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை, ஒரே கேட், பின்னால் கைக்குட்டை அளவுக்கு ஒரே மாதிரி ஒரு தோட்டம். பதினெட்டில் பதினாலு வீட்டை வாங்கியது பிள்ளைகள், குடியிருப்பது பெற்றவர்கள். ஏழாம் நம்பரில் வசந்தாமணியும், மில்லில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அவள் புருஷன் நாச்சிமுத்துவும், சுக்குவும் இருந்தார்கள்.

சுக்கு ஒரு நாய். காய்ந்த சுக்கு நிறம், அதே அளவுக்குக் காய்ந்த உடம்பு. இவர்களுடைய ஒரே மகன் லோகு காலேஜில் கடைசி வருஷம் படிக்கும்போது காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் குட்டியாகக் கிடந்ததைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். வளர்த்தது வசந்தாமணி. லோகு மெல்போர்னுக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆயிற்று, ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆயிற்று. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பகல் பன்னிரண்டு மணிக்கு வீடியோ கால் வரும், அப்போது அங்கே சாயங்காலம். "சுக்குவக் காட்டும்மா" என்பதுதான் அவன் முதல் வார்த்தை. காட்டுவாள். பத்து நிமிஷம் அவன் நாயோடு பேசுவான், இரண்டு நிமிஷம் அப்பாவோடு, மீதி இருக்கிற நேரத்தில் அம்மாவோடு. வசந்தாமணிக்கு இதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த நாய் இல்லாவிட்டால் அந்த மீதி நேரமும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

சுக்குவுக்குப் பதினாலு வயது முடிந்திருந்தது. கண்ணில் பூ விழுந்து, பின்னங்கால் இரண்டும் இழுக்க ஆரம்பித்திருந்தன. "கிட்னி போயிட்டிருக்குதுங்மா, வெய்யக்காலம் தாண்டறது செரமம்" என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். சுக்கு கண் மூடுவதற்குள் லோகு ஒரு தடவை வந்து போய்விட வேண்டும் என்பதுதான் அந்த வருஷம் வசந்தாமணிக்கு இருந்த ஒரே வேண்டுதல். நாயின் பெயரைச் சொல்லித்தான் வேண்டிக்கொண்டாள், அதற்குள் தன்னையும் ஒளித்து வைத்திருந்தாள்.

புல் போடுவது லோகுவின் யோசனை. மண்ணில் புரண்டு உண்ணி பிடிக்கிறது, கொய்யா மரத்தடியில் குழி பறித்துச் சேற்றோடு உள்ளே வருகிறான், வலிக்கிற காலுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று அவனே ஆளைத் தேடிப் பிடித்து அனுப்பினான். சாதிக் என்ற அந்த ஆள் மாதிரிப் புத்தகத்தை விரித்து, விரல் கணு உயரத்திலிருந்து விரல் நீளம் வரைக்கும் ஆறு விதப் புல்லைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினான். நாய் இருக்கும் வீட்டுக்கு எது தோதுப்படும் என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான், அவன் பேச்சை யாரும் கேட்கவில்லை.

"குட்டைப் புல்லுதானுங் நாய்க்குச் செட்டாகும். ஒண்ணுக்குப் போனா ஹோஸப் புடிச்சு விட்டீங்கன்னா நேரா கீழ எறங்கிரும், வாடை தங்காது. ஒசரமானது பார்க்க அம்சமா இருக்கும், ஆனா சூட்டையும் நாத்தத்தையும் புடிச்சு வெச்சுக்கும்" என்றான் சாதிக்.

ஃபோனுக்குள்ளிருந்து லோகு, "அந்த ஒசரமான நாப்பது மில்லிமீட்டர் காட்டுங்க" என்றான். "இதான். எங்க தெருவுல எல்லார் வீட்லயும் இந்த ஹைட்தான். இதையே போட்டுருங்க."

"தம்பி, நாய ஒருக்கா ரெண்டு துண்டு மேலயும் நடக்க வுட்டுப் பார்த்துட்டு..." என்று சாதிக் இழுத்தான்.

"நான் வீடியோல பார்த்துட்டேன்ங்க, போதும்."

நாலு நாள் வேலை. நாலு அங்குலம் மண்ணை வழித்தெடுத்தார்கள், ஜல்லி கொட்டினார்கள், அதன்மேல் கிரஷர் மண்ணைப் போட்டுத் திமிசால் இடித்து இறுக்கினார்கள், துணி விரித்தார்கள், அதற்கும் மேலே புல்லை உருட்டி, ஓரத்துக்கு ஆணியும் இணைப்புக்குப் பசையும் போட்டு, சந்துக்குள் மணலைத் தூவிப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டார்கள். கொய்யா மரத்தைச் சுற்றி மட்டும் மூன்றடிக்கு வட்டமாக வெட்டி மண்ணை விட்டுவைத்தான் சாதிக். மரம் மூச்சு விட வேண்டுமாம். எல்லாம் முடிந்ததும் சுக்குவைக் கொண்டுவந்து புல்லில் விட்டார்கள். அவன் முகர்ந்து பார்த்தான், ஒரு காலைத் தூக்கிக்கொண்டே நின்றான், பிறகு மூன்றே எட்டில் புல்லைக் கடந்து அந்த மண் வட்டத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். அன்றிலிருந்து கடைசி வரைக்கும் அந்த வட்டம்தான் அவன் தோட்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லோகு சொன்னான்: "சூப்பரா இருக்கும்மா. தீபாவளிக்குக் கண்டிப்பா வர்றேன். சுக்குவோட அந்தப் புல்லுல உக்காந்து காபி குடிக்கிறேன், பாரு."

மறுநாள் காலையில் புல் இரண்டு விரற்கடை உயர்ந்திருந்தது.

நாச்சிமுத்து ஸ்டீல் டேப்பை எடுத்து நாலு மூலையிலும் அளந்துவிட்டுச் சாதிக்குக்கு ஃபோன் போட்டார். சாதிக் வந்து முட்டி போட்டு, ஓர் இழையை இழுத்துப் பார்த்து, பல்லில் கடித்துப் பார்த்து, கம்பெனிக் காகிதத்தை முன்னும் பின்னும் படித்தான். "நெறம் போனா மாத்தித் தருவாங்க, கிழிஞ்சாலும் மாத்தித் தருவாங்க. வளர்றதப் பத்தி ஒண்ணும் எழுதலீங்ணா" என்றான். அதோடு அந்தக் கேள்வி முடிந்தது. ஏன் வளர்கிறது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை; வளர்ந்தால் என்ன செய்வது என்பதுதான் கேள்வியாக இருந்தது, அதில் வெண்ணிலா கார்டன்ஸ் கெட்டிக்கார ஊர்.

ஒவ்வொரு வீடாகப் புல் போட்டார்கள். நாய் வைத்திருந்தவர்கள் நாய்க்கென்று போட்டார்கள், நாய் இல்லாதவர்கள் வரப்போகும் பேரன் உருள்வதற்கென்று போட்டார்கள், எட்டாம் நம்பர் போட்டுவிட்டார்களே என்று பன்னிரண்டாம் நம்பர் போட்டார்கள். பிள்ளை ஃபோன் செய்த மறுநாள் புல் வளர்ந்தது, செய்யாத வாரம் நின்றது. அப்படியானால் அது பாசம்தான் என்று முதலில் சொன்னது நாச்சிமுத்துதான். சொன்ன மாத்திரத்தில் ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. காலை நடைப்பயிற்சியில் சர்க்கரை அளவையும் பிரஷரையும் விட்டுவிட்டுப் புல்லின் அளவைக் கேட்க ஆரம்பித்தார்கள். "எங்கூட்டுல முட்டிக்கு வந்துருச்சுங்." "எம் பையன் நேத்து அரைமணி நேரம் பேசினானுங், காலைல பார்த்தா ஒரு சாண்." முட்டிக்குக் கீழே புல் இருக்கிறவர்கள் மெதுவாக நடந்து பின்தங்கினார்கள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆறுச்சாமி பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர், எதையும் வரிசையில் நிற்க வைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. புல் காம்பவுண்டுக்கு மேல் தலை நீட்டக் கூடாது, அடுத்த வீட்டுப் புல்லை அளப்பதானால் அனுமதி கேட்டு அளக்க வேண்டும், திங்கட்கிழமைதான் வெட்டலாம் என்று சுற்றறிக்கை விட்டார். புல் வெட்டும் மெஷினில் அது உருகிச் சுற்றிக்கொண்டதால் தையல் கத்தரியால் வெட்டினார்கள். வெட்டியதைக் குப்பை வண்டிக்காரப் பெண்கள் வாங்க மறுத்தார்கள். "வளருதுன்னா மக்கற குப்பை, பிளாஸ்டிக்குன்னா மக்காத குப்பை, இத எந்த டப்பாவுலங் கொட்டறது? மொதல்ல நீங்க முடிவு பண்ணிச் சொல்லுங்" என்றார்கள். முடிவு பண்ண முடியாமல் தலையணையில் அடைத்துத் தைத்துக்கொண்டார்கள். அந்த ஊர்க் கிழடுகள் ராத்திரியெல்லாம் தலைக்கடியில் சரசரவென்று கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள், அதையும் பெருமையாகத்தான் சொன்னார்கள்.

ஊரிலேயே உயரமான புல் மூன்றாம் நம்பரில் இருந்தது. அந்த வீட்டுப் பையன் அமெரிக்காவிலும் இல்லை ஆஸ்திரேலியாவிலும் இல்லை, இருபது கிலோமீட்டர் தள்ளிப் பீளமேட்டில் இருந்தான். "இந்த வாரம் வந்தர்றேன்ப்பா" என்று தினம் இரண்டு தடவை சொல்வான். மூன்றே வாரத்தில் இடுப்பைத் தாண்டிவிட்டது. அதைப் பார்த்த பிறகாவது யாராவது ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை, அந்தப் புல்லுக்கு மாலை போட்டு ஃபோட்டோ எடுத்தார்கள்.

ஏழாம் நம்பருக்குப் பக்கத்து வீட்டுப் பிரேமகுமாரியின் புல்தான் பாவம். போட்ட அன்றைக்கு இருந்த நாற்பது மில்லிமீட்டரிலேயே நின்றது, ஒரு நூல்கூட ஏறவில்லை. டொரோன்டோவில் இருக்கும் அவள் மகள் தரணி தினமும் கூப்பிடுகிறவள். என்ன சமைத்தாய், மாத்திரை போட்டாயா, மூட்டு வலி எப்படி என்று ஒரு மணி நேரம் பேசுவாள். ஆனாலும் ஊர் பிரேமகுமாரியை அனுதாபத்தோடு பார்த்தது. கல்யாண வீட்டில் குழந்தை இல்லாதவளை ஓரமாக உட்கார வைப்பது போல நவராத்திரியில் அவளை ஓரமாக உட்கார வைத்தார்கள்.

மார்கழியில் ஒரு நாள், சுக்குவுக்குத் தயிர்சோறு பிசைந்துகொண்டிருந்த வசந்தாமணியின் காதில் சுவருக்கு அந்தப் பக்கம் பிரேமகுமாரி ஃபோனில் கெஞ்சுவது விழுந்தது.

"ஒரு வார்த்தைக்காச்சும் வர்றேன்னு சொல்லு கண்ணு. வராட்டிப் போகுது. சொன்னா என்ன கொறஞ்சா போயிருவே?"

ஸ்பீக்கரில் போட்டிருந்த ஃபோனில் தரணியின் குரல் தெளிவாகக் கேட்டது. "எனக்கு இந்த வருஷம் லீவு கெடையாதும்மா, அது உனக்கும் தெரியும். வர முடியாதபோது வர்றேன்னு பொய் சொல்லச் சொல்றியா?"

வசந்தாமணியின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றுவிட்டது. தீபாவளிக்கு வருகிறேன் என்று லோகு ஏழு வாரம் சொன்னான். தீபாவளி போனது. பொங்கலுக்கு என்று இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறான். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். முட்டிக்கு மேல், அடர்த்தியாக, ஒரு வெட்டுக்கிளிகூட உட்காராமல், நல்ல பச்சையில் நின்றது புல். அத்தனையும் வருகிறேன் வருகிறேன் என்று அவன் சொன்ன பொய்தான் என அவளுக்குப் புரிந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? பதினேழு வீட்டிலும் அளந்து வைத்திருக்கிறார்கள். தெரியாமல் அளக்கிறார்களா தெரிந்தேதான் அளக்கிறார்களா என்றும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. பிசைந்த சோற்றை நாய்க்கு ஊட்டிவிட்டுக் கையைக் கழுவினாள்.

புருஷனிடம் மட்டும் கேட்டுப் பார்த்தாள். "ஏனுங், சுக்குவுக்குக் கண்ணும் தெரியறதில்ல, இந்தப் புல்லுக்குள்ள பூந்தா தெசை தெரியாம நின்னு அழுவறான். மத்தியானத்துல காலு வேற சுடுது. வெட்டி வுட்டுரலாமுங்."

"வெட்டறதா?" நாச்சிமுத்து சுவரைக் காட்டினார். ஒவ்வொரு திங்களும் நீலப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருந்தார். மில் குவார்ட்டர்ஸ் சுவரில் லோகுவின் உயரத்துக்குப் போட்ட அதே மாதிரிக் கோடுகள். "அவன் வந்து பார்க்கட்டும் அம்மிணி. அப்பறம் வெட்டிக்கலாம்."

சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. வசந்தாமணி தையல் கத்தரியை எடுத்து, சமையலறைப் பின்வாசலிலிருந்து கொய்யா மரம் வரைக்கும் ஒற்றையடிப் பாதை ஒன்றை வெட்டினாள். ஒவ்வொரு திங்களும் அந்தப் பாதை மூடியது, ஒவ்வொரு திங்களும் குனிந்து வெட்டினாள். அந்தப் பாதையில்தான் சுக்கு பின்னங்காலை இழுத்துக்கொண்டு போய் மண்ணில் படுப்பான், அதிலேயே திரும்பி வருவான். பொங்கல் வந்தது, போனது. சித்திரைக்கு என்றான் லோகு. பாதையின் இரு பக்கமும் புல் இடுப்புக்கு வந்தது.

பங்குனி மாதம் ஒரு சனிக்கிழமை காலை, சுக்கு அந்தப் பாதையில் போனான், திரும்பி வரவில்லை. வசந்தாமணி போய்ப் பார்த்தபோது மண் வட்டத்தில், மூக்கைக் கொய்யா வேரில் வைத்துக்கொண்டு, ஈ மொய்க்கக் கிடந்தான். அவள் வாய்விட்டு அழுதாள். மாமியார் செத்ததற்கு அழவில்லை, பெற்ற அப்பன் செத்ததற்குக்கூட இந்த அளவுக்கு அழவில்லை. நாச்சிமுத்து கடப்பாரையை எடுத்து வந்து, அந்த ஊரில் மண் தெரிகிற ஒரே இடமான அந்த வட்டத்திலேயே குழி தோண்டினார். பழைய வேட்டியில் சுற்றி, மஞ்சள் தண்ணீர் தெளித்து இறக்கினார்கள். மண்ணைத் தள்ளி மேடாக்கி விட்டு இரண்டு பேரும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாளைக்கு அவங்கிட்ட நாஞ் சொல்றேன். நீங்க பேசாம இருங்" என்றாள் வசந்தாமணி.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு, வெயில் உச்சியில் நிற்க, ஃபோனை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். ஃபோன் அடித்தது. இந்தத் தடவை லோகு நாயைக் கேட்கவில்லை. முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். சித்திரைக்கும் வர முடியாதும்மா. ஆடிக்கும் முடியாது. எப்ப முடியும்னு எனக்கே தெரியல. வர்றேன் வர்றேன்னு சும்மா சொல்லிட்டிருந்தேன். உங்க முகத்தப் பார்த்தா வேற சொல்ல வாய் வரல. தப்புதான்."

வசந்தாமணி புல்லைப் பார்த்தாள். அசையாமல் நின்றது. நாளைக் காலையிலும் ஒரு இழைகூட ஏறாது. பாவிப் பையன் இதை ஆறு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் ஆகாதா, அவளும் நிம்மதியாக இருந்திருப்பாள், அந்த ஜீவனும் புல்லுக்குள் மிரளாமல் செத்திருக்குமே என்று ஆத்திரம் வந்தது. அதற்குப் பின்னாலேயே, உண்மையைச் சொல்லிவிட்டானே என் பிள்ளை என்று நெஞ்சு இளகியது. இப்போது அவளும் சொல்லலாம். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான்.

"சாமி..." என்று ஆரம்பித்தாள்.

"சுக்குவ நெனச்சாத்தான்மா கஷ்டமா இருக்கு" என்றான் அவன். "அவன் முகத்தப் பார்க்கத்தான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஓடி வர்றேன். அவனும் இல்லாட்டி... செரி, விடு. அவனக் காட்டும்மா."

நாச்சிமுத்து பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வசந்தாமணிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது, பன்னிரண்டு மணிக்கு அடிக்காத ஃபோன் மேஜைமேல் கிடப்பது தெரிந்தது.

"நல்லாருக்கான் சாமி" என்றாள். "இப்பத்தான் தயிர்சோறு தின்னான். அந்தா, புல்லுக்குள்ள படுத்துத் தூங்கறான்."

சொன்ன வாய் மூடுவதற்குள் அது நடந்தது. மற்ற புல்லெல்லாம் மறுநாள் காலை வரைக்கும் காத்திருந்து வளரும், இது காத்திருக்கவில்லை. துணி விரிக்காத, ஜல்லி கொட்டாத, யாரும் எதையும் போடாத அந்த மண் வட்டத்தில், நேற்று மூடிய மேட்டின்மேல், பளபளவென்று பச்சையாக முளைத்து, அவள் கண் முன்னாலேயே கணுக்காலுக்கு வந்து, முட்டிக்கு வந்து, சுற்றியிருந்த புல்லோடு சமமாகி நின்றது. பாதையும் மூடிக்கொண்டது. மேடு எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

"கேமராவத் திருப்பும்மா, பார்க்கறேன்."

திருப்பினாள். மலைப் பக்கமிருந்து காற்று வந்து, கொய்யா மரத்தடியில் புதிதாக முளைத்த புல்லில் ஒரு கொத்து மட்டும் இப்படியும் அப்படியும் ஆடியது.

"அதோ, வாலாட்டறான்!" என்று சிரித்தான் லோகு. "எங்குரல் கேட்ருச்சு அவனுக்கு. டேய் சுக்கு! சுக்கு! போதும்மா, எழுப்பாத, தூங்கட்டும். அடுத்த வாரம் பார்க்கறேன்."

நாச்சிமுத்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் டேப் இல்லை, நீலப் பென்சில் இல்லை. ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். அவள் பாதி குடித்தாள், மீதியை அவர் குடித்தார்.

மறுநாள் காலையில் சுவருக்கு மேல் பிரேமகுமாரியின் தலை தெரிந்தது. பார்த்துப் பார்த்து ஏங்கிப்போன கண்கள். "அடேங்கப்பா, இப்ப மரத்தடியிலயும் வந்துருச்சாட்டிருக்குதுங்ளேக்கா! லோகு வர்ற தேதி சொல்லிட்டானாட்டிருக்குது?"

வசந்தாமணி கத்தரியோடு படியில் நின்றாள். வெட்டினாலும் அந்தப் பாதையில் நடக்க இனிமேல் ஆள் இல்லை.

"ஆமாங் கண்ணு" என்றாள். "வர்றானாமா."

சொல்லிவிட்டுக் காலை நகர்த்தாமல் அப்படியே நின்றாள். படியிலேயே புல் முளைத்து, அவள் கணுக்காலைத் தொட்டு மேலே ஏறியது.